எல்லாருக்கும் ஒரே காய்ச்சல்

'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்...' லீவ் லெட்டரில் இந்த வரியை எழுதாமல் பள்ளிக்கூடம் முடித்தவர் மதுரைப் பக்கம் யாராவது உண்டா? மேலூரிலிருந்து உசிலம்பட்டி வரை, தாய்மாமன் வீட்டுக் காதுகுத்துக்குப் போனவனும், அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்த்துவிட்டு மறுநாள் அசந்து தூங்கியவளும் எழுதியது இதே காய்ச்சலைத்தான். ஆங்கிலத்தில் நமக்குப் பழக்கமான முதல் காரணச் சொல் இந்த 'ஆஸ்'.

பத்தாம் வகுப்பில் அதே 'ஆஸ்' அட்டவணைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. சிம்பிள் என்றால் 'பீயிங்', 'பிகாஸ் ஆஃப்'. காம்பவுண்ட் என்றால் 'அண்ட் ஸோ'. காம்ப்ளெக்ஸ் என்றால் 'ஆஸ்', 'சின்ஸ்', 'பிகாஸ்'. வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தால் மார்க் வந்துவிடும். அப்படி ஒப்பித்த பிள்ளைதான் பின்னாளில் இன்டர்வியூவில் 'பிகாஸ் த பஸ் வாஸ் லேட், ஸோ ஐ கேம் லேட்' என்று இரண்டையும் சேர்த்துப் போட்டு மாட்டிக்கொள்கிறது.

பிள்ளையைத் திட்டிப் பயனில்லை. 'ஏன்னா பஸ்ஸு வரல, அதனாலதான் லேட்டு' என்று வீட்டில் தினமும் பேசுகிறோம், யாருக்கும் உறுத்துவதில்லை. ஆங்கில இலக்கணமோ இரண்டில் ஒன்றுதான் என்கிறது. இதற்கான மருந்தும் தமிழிலேயே இருக்கிறது. 'பஸ் வராததால் தாமதம்' என்று சொல்லிப் பாருங்கள். 'ஆல்' வந்த பிறகு 'அதனால்' எதற்கு?

'பிகாஸ்', 'பிகாஸ் ஆஃப்' குழப்பமும் இப்படியே தீரும். 'மழையால் வரவில்லை' என்பதில் 'ஆல்' பெயரோடு ஒட்டுகிறது. அங்கே 'பிகாஸ் ஆஃப்'. 'மழை பெய்ததால் வரவில்லை' என்பதில் ஒரு நிகழ்ச்சியே காரணம். அங்கே வெறும் 'பிகாஸ்'. நாம் ஒரே உருபை வைத்துச் சமாளிக்கும் வேலையை ஆங்கிலம் இரண்டாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான். வரிசையும் கவனிக்க வேண்டியது. 'ஆல்' போட்டால் நமக்குக் காரணம் முன்னே, விளைவு பின்னே. ஆங்கிலத்தில் எது வேண்டுமானாலும் முந்தலாம்; காரணம் முந்தினால் நடுவில் ஒரு கமா. லீவ் லெட்டரின் 'ஆஸ்' நமக்குச் சட்டென்று ஒட்டிக்கொண்டதும் அது தமிழ் வரிசையில் நடப்பதால்தானோ என்னவோ.

ஐந்தாம் வேற்றுமைக்கு நன்னூல் சொல்லும் நான்கு பொருள்களில் ஒன்று ஏது, அதாவது காரணம். தமிழ் ஐயா அதை நடத்திவிட்டுப் போன வகுப்பில்தான் அடுத்த பீரியடு 'சின்ஸ்' நடக்கிறது. கடைப் பலகைகளில் ஆண்டுக்கு முன்னால் மட்டுமே 'சின்ஸ்' பார்த்த பிள்ளை, அது காரணமும் சொல்லும் என்றதும் விழிக்கிறது. ஒன்றே பல பொருள் தருவதில் ஐயா நடத்தியதும் இதுவும் ஒரே சங்கதி என்று சொல்லத்தான் ஆள் இல்லை. ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே படித்தால்தான் நாக்கு பழகும் என்பவர்களும் உண்டு. இருக்கட்டும்.

என் கவலை வேறு. இத்தனை இணைப்புச் சொல் கற்றும் பிள்ளைகள் சொந்தக் காரணம் ஒன்றைக்கூட எழுதுவதில்லை. 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லியை மொட்டாக இருக்கும்போதே பறித்தாக வேண்டும். வெயில் ஏறும்வரை செடி காத்திருக்காது. விடியுமுன் அம்மாவோடு பூப்பறிக்கப் போய் அலுத்துப்போன பிள்ளையின் லெட்டரிலும் காய்ச்சல்தான். 'ஆஸ் ஐ வென்ட் டு பிளக் ஜாஸ்மின்' என்பதில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை. ஆனால் அதற்கு லீவு கிடைக்காது என்று பிள்ளைக்குத் தெரியும். நடந்ததை எழுதாதே, செல்லுபடியாகிறதை எழுது என்ற பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லாமலே மனசில் பதிந்துவிடுகிறது. அதே பிள்ளை வளர்ந்து ஆபீசில் உட்கார்ந்ததும் 'ட்யூ டு அன்அவாய்டபிள் சர்கம்ஸ்டன்ஸஸ்' என்று எழுதுகிறது. பெரியவர்களுக்கு வரும் காய்ச்சல் அது.

டீச்சர்மாரிடம் ஒரு வேண்டுகோள். ஒரே ஒரு நாள், காய்ச்சலைத் தவிர வேறு காரணம் போட்டு லீவ் லெட்டர் எழுதச் சொல்லுங்கள். 'ஆஸ்' சரியாக விழுந்திருந்தால், லீவையும் கொடுத்துவிடுங்கள்.