கணக்குக்கு ஒரே வாசல்

வியாபாரக் கணக்கைச் சொந்த சர்வரில் வைத்துக்கொள்வது இப்போது பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமான வசதி அல்ல. பெல்ஜியத்தில் 2005இல் டைனிஇஆர்பி என்ற பெயரில் பிறந்து, இன்று ஒடூ என்று அறியப்படும் மென்பொருளின் இலவசப் பதிப்பை யாரும் இறக்கி நிறுவலாம். மும்பையின் ஃப்ராப்பே நிறுவனம் உருவாக்கிய இஆர்பிநெக்ஸ்டும் அப்படித்தான். பில், சரக்கு, பாக்கி எல்லாம் பிரவுசரிலேயே திறக்கும். தரவு நம் கையில் இருக்கும்.

கிளையில் இருப்பவரும் ஆடிட்டரும் வெளியிலிருந்து அதைத் திறக்க வேண்டும் என்னும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

ஒடூவை நிறுவியதும் அது 8069 என்ற போர்ட்டில் காத்திருக்கும். அந்தப் போர்ட்டை அப்படியே இணையத்துக்குத் திறந்துவிட்டாலும் வேலை நடக்கும். ஆனால் பாஸ்வேர்டும் பில் தொகையும் குறியாக்கம் இல்லாமல் போகும். வழியில் ஒட்டுக்கேட்கிறவர் படித்துவிடலாம். அதைவிடக் கவலைப்பட வேண்டியது ஒடூவின் டேட்டாபேஸ் மேலாண்மைப் பக்கம். மொத்தக் கணக்கையும் நகலெடுக்கவும் அழிக்கவும் அங்கே பொத்தான்கள் உண்டு. காவல் ஒரே ஒரு மாஸ்டர் பாஸ்வேர்டு. நிறுவியவர் மாற்றாமல் விட்டால் அது ‘அட்மின்’ என்ற சொல்லாகவே இருக்கும்.

இதற்கான விடைதான் ரிவர்ஸ் பிராக்சி. சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று கேட்கிறவர் பதிவேடுகள் இருக்கும் அறைக்குள் போவதில்லை. ஜன்னலில் மனுவைக் கொடுக்கிறார், உள்ளே போய்ப் பார்த்து எடுத்துவருகிறவர் வேறு. பிராக்சியின் வேலையும் அதுவே. வெளியுலகம் அதனிடம் மட்டுமே பேசும். கணக்கு மென்பொருளிடம் கேட்டுப் பதிலை வாங்கிவந்து தருவது அதன் பொறுப்பு.

இந்த வேலைக்கு உலகமெங்கும் பயன்படுவது எஞ்சின்எக்ஸ். ஒரே சர்வரால் பத்தாயிரம் இணைப்புகளை ஒரே நேரத்தில் தாங்க முடியாதா என்ற கேள்விக்கு விடையாக ரஷ்யப் பொறியாளர் இகோர் சிசோயெவ் எழுதி, 2004இல் வெளியிட்டது அது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு 2015இல் வந்த கேடி இன்னும் எளிது. டொமைன் பெயர் ஒரு வரி, உள்ளே எந்தப் போர்ட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பது இன்னொரு வரி. அடிப்படை அமைப்பு அவ்வளவுதான். லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பிடமிருந்து பாதுகாப்புச் சான்றிதழை அதுவே இலவசமாக வாங்கி, காலாவதியாகும் முன் புதுப்பித்தும் கொள்ளும். எஞ்சின்எக்ஸை அமைப்பவர்கள் இதற்குப் பெரும்பாலும் செர்ட்பாட் என்ற தனிக் கருவியைச் சேர்க்கிறார்கள்.

பூட்டுக் குறி பிரவுசரில் தெரிந்ததும் வேலை முடிந்தது என்று பலர் எழுந்துவிடுகிறார்கள். கவனம் தேவைப்படும் பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது.

பிராக்சி நடுவில் நின்றதும், எல்லாக் கோரிக்கைகளும் ஒரே இடத்திலிருந்து வருவதாகக் கணக்கு மென்பொருள் நினைத்துக்கொள்கிறது. நள்ளிரவில் நுழைந்தவர் எங்கிருந்து வந்தார் என்று பதிவைப் பார்த்தால், பிராக்சியின் முகவரிதான் வரிசையாக இருக்கும். வாடிக்கையாளருக்கு மின்னஞ்சலில் போகும் பில் இணைப்பும் குறியாக்கம் இல்லாத பழைய முகவரியாகப் போகக்கூடும். உண்மையான முகவரியையும், வந்தவர் பாதுகாப்பான வழியில் வந்தாரா என்பதையும் பிராக்சி ஒவ்வொரு கோரிக்கையின் தலைப்பிலும் எழுதி அனுப்ப வேண்டும். அதை நம்பும்படி ஒடூவில் ‘பிராக்சி மோட்’ என்ற அமைப்பையும் இயக்க வேண்டும்.

ஆனால் பிராக்சி மோடை இயக்கிவிட்டு 8069ஐயும் திறந்தே வைத்தால் நிலைமை முன்னைவிட மோசம். நேராக உள்ளே வருகிறவர் தன் முகவரியைத் தானே பொய்யாக எழுதிக்கொண்டு வரலாம். ஒடூ அதையும் நம்பும். ஆகவே சர்வருக்குள் இருக்கும் பிராக்சி மட்டுமே தொடும்படி, ஒடூவை 127.0.0.1 என்ற உள்முகவரியோடு கட்டிவைப்பது கட்டாயம். டேட்டாபேஸ் மேலாண்மைப் பக்கத்தையும் அப்போதே முடக்கிவிடுவது நல்லது.

மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் வைத்து ஓட்டும் டாக்கர் வழியாக நிறுவுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். உபுண்டு இயங்குதளத்தின் யுஎஃப்டபிள்யூ என்ற தடுப்பில் போர்ட்டை மூடியிருப்பார்கள். டாக்கரோ தனக்கென்று தனி வழி போட்டு, அந்தத் தடுப்பைத் தாண்டியே போர்ட்டை வெளியே விட்டிருக்கும். டாக்கர் அமைப்பில் போர்ட் எண்ணுக்கு முன்னால் 127.0.0.1 என்று சேர்த்தால்தான் அது அடங்கும்.

சில்லறைத் தொல்லைகளும் உண்டு. எஞ்சின்எக்ஸ் மாற்றப்படாத நிலையில் 1 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. ஸ்கேன் செய்த ரசீதை ஏற்றினால் 413 என்று பிழை காட்டும். ஆண்டறிக்கை தயாராக 60 விநாடிக்கு மேல் ஆனால் 504 வரும். இரண்டுக்கும் அமைப்புக் கோப்பில் தலா ஒரு வரி போதும்.

எல்லாம் முடிந்தபின் அலுவலக வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் சர்வரின் எண் முகவரியையும் அதன் பின்னால் 8069ஐயும் தட்டிப் பார்க்க வேண்டும். லாகின் பக்கம் திறந்தால் பிராக்சி இருந்தும் பயனில்லை; ஒடூவை உள்முகவரியோடு கட்டிய இடத்தை, டாக்கர் என்றால் அதன் அமைப்பை, மறுபடி பார்க்க வேண்டியதுதான்.