குழிக்குள் நீலச் சாயம்

ஓவர்லாக் மெஷினில் ஒன்றரை ஷிப்ட் உட்கார்ந்து எழுகிற பையனுக்கு வால் எலும்புக்குச் சற்று மேலே, பிட்டப் பிளவின் நடுவில் ஊசிமுனை அளவில் ஒரு துளை. சீழ் கசிந்து பேண்டில் கறை. யாரிடம் காட்டுவது? சுவர் நோட்டீஸில் பார்த்த 'மூலம், பௌத்திரம்' வைத்தியரிடம் போவான். இல்லாவிட்டால் "ஷிப்மென்ட் போகட்டும்" என்று தள்ளிப்போடுவான். இது மூலமும் இல்லை, பௌத்திரமும் இல்லை. பைலோனிடல் சைனஸ். உதிர்ந்த முடி தோலைக் குத்தி நுழைந்து, உள்ளே பாதை குடைந்து, சீழ் கட்டும் நோய். அடர்ந்த முடியுள்ள இளைஞர்களுக்கும், மணிக்கணக்கில் உட்கார்ந்தே வேலை செய்பவர்களுக்கும் அதிகம் வரும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையில் சுமார் 80,000 பேர் இதற்காக மருத்துவமனையில் சேர்ந்தார்கள். ஜீப்பின் குலுக்கல்தான் காரணம் என்று நினைத்து 'ஜீப் நோய்' என்றே பெயர் வைத்தார்கள்.

அன்று அறுவை என்றால் அகலமாக வெட்டுவதுதான். உள்ளே பாதை எங்கெங்கே கிளைக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஒரு குத்துமதிப்பில் சதையை எடுத்துவிட்டு, புண்ணைத் தைக்காமல் காடாத் துணி அடைத்து விடுவார்கள். தினமும் துணி மாற்ற வேண்டும். ஆற வாரக்கணக்கில் ஆகும். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு அத்தனை நாளும் கூலி போச்சு. இவ்வளவுக்குப் பிறகும் விட்டுப்போன ஒரு கிளையிலிருந்து சீழ் மறுபடி எட்டிப்பார்க்கும்.

இன்று பல அறுவை மருத்துவர்கள் கத்தியை எடுக்கும் முன் அந்தத் துளை வழியாக மெத்திலீன் நீலத்தை மெல்லச் செலுத்துகிறார்கள். பாதையும் கிளைகளும் நீலமாகிவிடும். நீலம் தெரியும் இடமெல்லாம் நோய். அது முழுக்க வெளியே வரும்வரை அறுக்கிறார்கள், நல்ல சதையை விட்டுவிடுகிறார்கள். சாயத்தை அழுத்தி ஏற்றினால் நல்ல திசுவிலும் ஊறி வீணாக வெட்டவைக்கும். கை பழகிய வேலை இது. ஜெர்மனியில் டீட்ரிச் டோல் குழுவினர் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், சாயம் ஏற்றி அறுத்தவர்களுக்கு நீண்ட காலத்தில் நோய் திரும்பியது, சாயம் ஏற்றாமல் அறுத்தவர்களோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதிதான்.

இந்தச் சாயமும் முதலில் துணிக்காகப் பிறந்ததுதான். 1876-ல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனியில் ஹைன்ரிஷ் காரோ உருவாக்கியது. திருப்பூர்ப் பட்டறைகளில் பனியன் துணிக்கு ரியாக்டிவ் சாயம்தான் ஓடுகிறது. அங்கே இதற்கு வேலை இல்லை.

சாயம் மட்டும் போதாது. தையல் நடுப்பிளவில் விழாமல் ஒரு பக்கம் ஒதுங்க வேண்டும். காரிடாகிஸ், லிம்பெர்க் முறைகள் அதற்குத்தான்; என் கணிப்பில் சாயத்தைவிட இதற்கே எடை அதிகம். பிறகும் அந்த இடத்தில் முடி சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வால் எலும்புக்கு மேல் துளையோ சீழோ தெரிந்தால் கூச்சப்படாமல் அரசு மருத்துவமனை அறுவைப் பிரிவில் காட்டுங்கள். சாயம் ஏற்றிப் பார்ப்பீர்களா, தையல் நடுவிலா பக்கத்திலா என்ற இரண்டு கேள்வியையும் டாக்டரிடம் கேளுங்கள்.