நாஸில் இருக்கும் ஃபைலைக் காப்பி எடுத்தால் போதாதா?

டீயை ஊற்றிக்கொள்ளுங்கள். இது ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை.

சின்ன அலுவலகங்களில் இப்போது சகஜமான ஏற்பாடு இது: இரண்டு மூன்று சர்வர்கள், எல்லாவற்றுக்கும் பொதுவான சேமிப்பிடமாக நெட்வொர்க்கில் ஒரு நாஸ் பெட்டி. கணக்கு மென்பொருள், ஃபைல் சர்வர், மெயில் எல்லாம் விர்ச்சுவல் மெஷின்களாக அந்த சர்வர்களில் ஓடும். அவற்றின் டிஸ்க்குகள் மட்டும் என்எஃப்எஸ் என்ற ஃபைல் பகிர்வு முறை வழியாக நாஸில் இருக்கும். ஒரு சர்வர் படுத்துவிட்டால் இன்னொன்று அதே டிஸ்க்கை எடுத்து ஓட்டிக்கொள்ளும். விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டப் பலர் வைத்திருந்தது விஎம்வேர். 2023 நவம்பரில் பிராட்காம் அந்த நிறுவனத்தை வாங்கி, அடுத்த மாதமே நிரந்தர லைசென்ஸ் விற்பனையை நிறுத்திய பிறகு பலர் அதே வேலையைச் செய்யும் பிராக்ஸ்மாக்ஸ் பக்கம் வந்தார்கள். அதனால் அதை வைத்தே சொல்கிறேன்.

வந்தவுடன் நாஸைத் திறந்து பார்ப்பார்கள். 100, 101 என்று நம்பர் போட்ட ஃபோல்டர்கள், ஒவ்வொன்றிலும் பெரிதாக ஒரு க்யூகவ்2 ஃபைல்; அதுதான் மெஷினின் டிஸ்க். உடனே கேள்வி வரும்: “வெறும் ஃபைல்தானே சார், ராத்திரி ஆர்சிங்க் போட்டு இன்னொரு டிஸ்க்குக்குக் காப்பி பண்ணிட்டா முடிஞ்சுதே?”

மெஷின் அணைந்திருந்தால் சரி. ஓடிக்கொண்டிருந்தால் அந்தக் காப்பியை நம்ப முடியாது. ஒரு ஜிகாபிட் கேபிளில் நொடிக்கு 110 எம்பி போனாலே அதிகம். 500 ஜிபி ஃபைலுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகும். கணக்குப்பிள்ளை எழுதிக்கொண்டே இருக்கும் பேரேட்டை நீங்கள் பக்கம் பக்கமாக நகலெடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தை ஒரு மணிக்கு எடுத்தீர்கள், கடைசிப் பக்கத்தை இரண்டேகாலுக்கு. நடுவில் அவர் முதல் பக்கத்தில் பற்று எழுதி, கடைசிப் பக்கத்தில் வரவு வைத்தார். உங்கள் நகலில் வரவு இருக்கும், பற்று இருக்காது. க்யூகவ்2-வில் இன்னொரு வம்பு உண்டு. எந்தத் தரவு ஃபைலின் எந்த இடத்தில் கிடக்கிறது என்ற அட்டவணையும் அதே ஃபைலுக்குள்தான் இருக்கிறது. அட்டவணை பழையது, தரவு புதியது என்று ஆகிவிட்டால் மெஷின் பூட் ஆவதே சந்தேகம்.

ஆகவே எல்லாப் பக்கமும் ஒரே கணத்தைக் காட்ட வேண்டும். பிராக்ஸ்மாக்ஸில் இந்த வேலையைச் செய்வது நாஸ் அல்ல, மெஷினை ஓட்டுகிற க்யூஎமு. பேக்கப் தொடங்கிய கணத்தை அது குறித்துக்கொள்ளும். இன்னும் நகலெடுக்காத ஒரு துண்டின் மேல் மெஷின் எழுத வந்தால், அந்த எழுத்தை நிறுத்திவைத்து, பழைய துண்டைப் பேக்கப்புக்கு அனுப்பிவிட்டு, அப்புறம்தான் எழுத விடும். ஸ்நாப்ஷாட் வசதி இல்லாத சேமிப்பகத்திலும் ஓடும் மெஷினை இப்படி பேக்கப் எடுக்க முடிவது இதனால்தான். (கன்டெய்னர்களுக்கு இந்தச் சலுகை இல்லை, என்எஃப்எஸ்ஸில் இருக்கும் கன்டெய்னர் பேக்கப்பின்போது கொஞ்சம் நிறுத்தப்படும்.)

மேலே சொன்னதில் ஒரு வலி ஒளிந்திருப்பதைக் கவனித்தீர்களா? பழைய துண்டு போய்ச் சேரும்வரை மெஷின் காத்திருக்கிறது. பேக்கப் போகிற இடம் ஒரு கிழட்டு யூஎஸ்பி டிஸ்க் என்றால், அந்த மந்தம் நேரே கணக்கு மென்பொருளில் தெரியும். “பேக்கப் ஓடும்போது பில் போட முடியலை” என்ற புகாரை விசாரித்தால் பல நேரம் இதுதான். 2024 ஏப்ரலில் வந்த 8.2 பதிப்பில் ஃப்ளீசிங் என்று ஒன்று சேர்த்தார்கள். பழைய துண்டைத் தற்காலிகமாகப் பக்கத்தில் ஓர் இடத்தில் போட்டுவிட்டு மெஷினை உடனே விட்டுவிடும். அந்தப் பக்கத்து இடத்தை சர்வரின் சொந்த எஸ்எஸ்டியில் வையுங்கள். மறுபடி நாஸிலேயே வைத்தால் பெரிய பலன் இல்லை.

ஒரே கணம் என்றாலும், அது பிளக்கைப் பிடுங்கிய கணம் மாதிரிதான். மெமரியில் இருந்தது டிஸ்க்குக்கு வந்திருக்காது. மெஷினுக்குள் கெஸ்ட் ஏஜென்ட் என்ற சின்ன நிரல் இருந்தால் அது ஒரு விநாடி ஃபைல் சிஸ்டத்தை உறையவைத்து, நிலுவையை எழுதி முடிக்கச் செய்யும்; விண்டோஸில் இதற்கென்றே இருக்கும் விஎஸ்எஸ்ஸை அழைக்கும். இதற்கு இரண்டு வேலைகள்: ஏஜென்ட்டை மெஷினுக்குள் இன்ஸ்டால் செய்வது ஒன்று, வெளியே அந்த மெஷினின் ஆப்ஷனில் டிக் போடுவது ஒன்று. பலர் இரண்டில் ஒன்றைத்தான் செய்திருப்பார்கள்.

பேக்கப்பை வாங்கி வைக்க பிராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர் என்று தனி மென்பொருள் உண்டு. அது டிஸ்க்கை 4 எம்பி துண்டுகளாகப் பார்த்து, புதிதாக வந்த துண்டை மட்டும் வாங்கிக்கொள்ளும். எது மாறியது என்ற குறிப்பு க்யூஎமுவின் மெமரியில் இருக்கிறது. மெஷினை முழுதாக அணைத்துப் போட்டால் குறிப்பு போய்விடும். அன்றிரவு மொத்த டிஸ்க்கையும் நாஸிலிருந்து படித்தாக வேண்டும். பத்து நிமிட பேக்கப் திடீரென்று இரண்டு மணி நேரம் ஓடினால் பதற வேண்டாம், முந்தின நாள் யார் அணைத்தார்கள் என்று கேளுங்கள்.

அடுத்தது எங்கே வைப்பது. இதில் நான் கறார். அதே நாஸில் ‘பேக்கப்’ என்று இன்னொரு ஃபோல்டர் போட்டு வைப்பது பேக்கப் ஆகாது. நாஸே எடுக்கும் ஸ்நாப்ஷாட்டும் அப்படித்தான். தவறி அழித்த ஃபைலை மீட்க அருமையானது, ஆனால் அதே டிஸ்க்குகளில்தான் உயிர்வாழ்கிறது. 2021 மார்ச் 10 அன்று ஸ்ட்ராஸ்பூரில் ஓவிஎச் நிறுவனத்தின் எஸ்பிஜி2 டேட்டா சென்டர் கட்டடம் எரிந்து சாம்பலானபோது, பேக்கப்பும் அதே கட்டடத்தில் இருந்த வாடிக்கையாளர்களும் உண்டு. பேக்கப் சர்வர் தனிப் பெட்டியாக, முடிந்தால் வேறு இடத்தில் இருக்கட்டும். வசதிக்காக அதையே ஒரு விர்ச்சுவல் மெஷினாக்கி அதே நாஸில் உட்காரவைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நாஸ் போனால் பேக்கப்பைத் திறக்கிற ஆளும் கூடவே போய்விடுவார். சர்வர்களுக்கு பேக்கப் போடும் உரிமை மட்டும் கொடுங்கள், அழிக்கும் உரிமை வேண்டாம். ரான்சம்வேர் சர்வருக்குள் வந்தாலும் பழைய நகல்களைத் தொட முடியாது. என்கிரிப்ஷன் போட்டிருந்தால் அந்தச் சாவியைக் காகிதத்தில் அச்சடித்துப் பீரோவில் வையுங்கள்.

மீட்டுப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். புதிய நம்பரில் மீட்டெடுங்கள், ‘யூனிக்’ டிக்கைப் போடுங்கள், நெட்வொர்க் கார்டின் இணைப்பைக் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஒரே ஐபியோடு இரண்டு மெஷின்கள் மோதிக்கொள்ளும். பிறகு கணக்கைத் திறந்து கடைசி பில் இருக்கிறதா என்று பாருங்கள். இதைச் செய்யும்போது நாஸ் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், அதனால் அங்கேயே மீட்டுவிடுவீர்கள். நாஸே செத்த நாளில் மீட்க இடம் சர்வர்களின் உள்டிஸ்க் மட்டும்தான். அதில் கணக்கு மெஷினும் ஃபைல் சர்வரும் கொள்ளுமா, எத்தனை ஜிபி காலி என்று இன்றைக்கே பார்த்துக் குறித்து வையுங்கள்.