வந்த விருந்தாளியா, வளர்த்த வாத்தா?

மான்கூர்டில் இருந்து வாஷிக்குப் போகும் மின்சார ரெயில் பாலத்தில் ஏறியதும், குளிர்காலத்தில் பயணிகளின் தலைகள் ஜன்னல் பக்கம் திரும்பும். கீழே, தானே கிரீக் என்று எல்லோரும் அழைக்கும் கடற்கழியின் சேற்றில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரியும். அது பூநாரைக் கூட்டம். 1990-களின் நடுவில் இருந்து பெருங்கூட்டமாக வருவதால், மும்பைவாசிகளுக்கு அது பழகிப்போன பறவை.

ஆனால் கழியிலும் ஏரியிலும் நீந்தும் வாத்துகளைத்தான் பலருக்கு இனம் தெரிவதில்லை. "யாரோ வளர்த்தது, தப்பி வந்துவிட்டது" என்பார் ஒருவர். "வெளிநாட்டுப் பறவை" என்பார் இன்னொருவர். எது சரி என்று அறிவது வெறும் பொழுதுபோக்கு அல்ல. தானாக வந்த விருந்தாளி என்றால் அதை யாரும் பிடிக்கக் கூடாது. வளர்ப்பு வாத்து என்றால் அதை அங்கே விட்டிருக்கவே கூடாது.

நிறத்தை நம்பாதீர்கள்

வடக்கே சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் நீர்நிலைகள் உறையத் தொடங்கியதும், இரை தேடி வாத்துகள் தெற்கே புறப்படுகின்றன. மும்பை வட்டாரத்துக்கு அவை அக்டோபர், நவம்பரில் வந்து, மார்ச், ஏப்ரலில் திரும்புகின்றன.

வந்த புதிதில் நிறத்தை வைத்து முடிவு செய்தால் ஏமாந்து போவோம். குஞ்சு பொரிக்கும் பருவம் முடிந்ததும் சேவல் வாத்து தன் பகட்டான இறகுகளை உதிர்த்துவிடும். பெட்டையைப் போலவே மங்கிய பழுப்பில்தான் வந்து சேரும். பிறகு சிறிது சிறிதாகப் பழைய அழகு திரும்பும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது அலகு, அடுத்து வால், அதன்பின் முகம்.

அலகு கரண்டிபோல் நுனியில் அகன்றிருந்தால் அது தட்டைவாயன். பருவத்தில் சேவலுக்குப் பச்சைத் தலை, வெள்ளை மார்பு. கழுத்து நீண்டு, வால் ஊசிபோல் கூராக இருந்தால் ஊசிவால் வாத்து. உருவம் சிறுத்து, சேவலின் கண்ணுக்கு மேல் பட்டையாக வெள்ளைக் கோடு ஓடினால் நீலச்சிறகி.

மூக்கு நுனியில் மஞ்சள் உள்ள புள்ளிமூக்கு வாத்தும், சீட்டியடித்தபடி பறக்கும் சீழ்க்கைச் சிறகியும் வெளிநாட்டில் இருந்து வந்தவை அல்ல. இந்த நாட்டிலேயே குஞ்சு பொரிப்பவை. உடல் கறுத்து, நெற்றியில் வெள்ளை நாமம் இட்டதுபோல் இருப்பது நாமக்கோழி. நொடிக்கொரு தரம் நீரில் மூழ்கி எழும் குட்டைப் பறவை முக்குளிப்பான். இந்த இரண்டும் வாத்து இனமே அல்ல.

கொண்டுவந்து விட்டவை

உடம்பெல்லாம் வெள்ளை, மஞ்சள் அலகு, கனத்த நடை என்றால் அது சீனாவில் உருவான பீக்கிங் வளர்ப்பு வாத்து. கண்ணைச் சுற்றிச் சிவந்த மரு மருவாக இருந்தால் மணிலா வாத்து. பெயர்தான் மணிலா; பிறந்த வீடு மத்திய, தென் அமெரிக்கா. இது ஓரளவு பறக்கும் என்பதால், பறக்கிறதே என்று விருந்தாளிகளின் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது.

கறிக்கு வாங்கியதைக் கொல்ல மனமின்றி ஏரியில் விடுவது புண்ணியம்போல் தோன்றும். ஆனால் வளர்ப்புப் பறவையின் நோய் காட்டுப் பறவைக்குத் தொற்றக்கூடும். வளர்ப்பு வாத்து புள்ளிமூக்கு வாத்துடன் கலந்து, இனக்கலப்பும் நேரக்கூடும்.

காலில் வளையம்

சில பறவைகளின் காலில் எண் பொறித்த உலோக வளையம் இருக்கும். உடனே 'வீட்டுப் பறவை' என்று எண்ணிவிடக் கூடாது. அது ஆராய்ச்சியாளர் இட்ட அடையாளம். 1883-ல் தொடங்கிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் நெடுங்காலமாக இப்படி வளையமிட்டு வருகிறது. வளையத்தின் எண்ணைக் கழகத்துக்குத் தெரிவித்தால், அந்தப் பறவை எங்கிருந்து வந்தது என்பது தெரியவரும்.

தாராவியில் வாழும் நெல்லைச் சீமைக்காரர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. நாங்குனேரி அருகே கூந்தன்குளத்துக்குப் பட்டைத்தலை வாத்துகள் வருகின்றன. வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டைகள், அதுவே அடையாளம். மங்கோலியாவில் கழுத்துப் பட்டை இட்ட இந்த இன வாத்துகள் தென்னிந்தியக் குளங்களில் காணப்பட்டுள்ளன. இமயமலையைத் தாண்டி வரும் அந்தப் பறவைகளைக் கூந்தன்குளத்து மக்கள் தங்கள் பிள்ளைகள்போல் காக்கிறார்கள். எச்சம் கலந்த குளத்து வண்டல் அவர்கள் வயலுக்கு உரம். 1994-ல் அந்த ஊர் சரணாலயம் ஆனது.

தானே கடற்கழியில் பூநாரைச் சரணாலயம் அமைந்தது 2015-ல். ஆனாலும் ஆபத்து தீரவில்லை. 2024 மே மாதம் காட்கோபர் அருகே விமானம் மோதி முப்பதுக்கும் மேற்பட்ட பூநாரைகள் மடிந்தன.

விமானத்தின் வழியை நாம் மாற்ற முடியாது. கல்லெறியும் சிறுவனைத் தடுக்க முடியும். காட்டுப் பறவையைப் பிடிப்பதும் கொல்வதும் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அடிபட்ட பறவையைக் கண்டால் மராட்டிய வனத்துறைக்கு 1926 என்ற எண்ணில் சொல்லலாம். இறந்து கிடந்தால் வெறுங்கையால் தொட வேண்டாம். பறவைக் காய்ச்சலாக இருக்கலாம். இனம் தெரியாத வாத்து என்றால், தூர நின்று அலகையும் வாலையும் பாருங்கள். பார்த்த நாளையும் இடத்தையும் குறித்து வையுங்கள். பறவை தன் போக்கில் இருக்கட்டும்.