பழைய போட்டோவில் இருப்பது எந்தக் கார்?

சேறு தெறித்த கார். மேட்டில் திணறி ஏறுகிறது. போட்டோவின் பின்புறம் ஒன்றும் எழுதவில்லை. எந்தக் கார்? எந்த வருஷம்? இங்கிலாந்தில் இதைத் துப்பறிவதே பலருக்குப் பொழுதுபோக்கு.

அங்கே "டிரையல்" என்பது வேகப் போட்டி அல்ல. செங்குத்தான சேற்றுப் பாதையில் நிற்காமல் ஏறவேண்டும். லண்டன்-லேண்ட்ஸ் எண்ட் டிரையல் 1908-ல் தொடங்கியது.

முதல் தடயம் நம்பர் பலகை. நம் வண்டிகளில் மாநில எழுத்து இருப்பதுபோல, அங்கே 1904 முதல் மாவட்ட எழுத்து உண்டு. மூன்று எழுத்து நம்பர் வந்தது 1932-ல்தான். ஆகவே மூன்றெழுத்துக் கார் உள்ள படம் 1920-களில் எடுத்தது அல்ல!

'ஜே.பி.' என்றால் பெர்க்‌ஷயர். எம்.ஜி. கார் தொழிற்சாலை இருந்த அபிங்டன் அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. எனவே 'ஜே.பி.' எம்.ஜி., தொழிற்சாலையே போட்டிக்கு அனுப்பிய காராக இருக்கலாம்.

அடுத்தது ரேடியேட்டர். குதிரை லாட வடிவம் என்றால் புகாட்டி. காரில் ஒட்டிய போட்டி எண்ணைப் போட்டியாளர் பட்டியலோடு ஒப்பிட்டால், ஓட்டியவர் பெயரும் கிடைக்கும்.

இது வெறும் விளையாட்டு அல்ல. டிரையலில் ஓடிய அசல் காருக்கு மதிப்பு அதிகம். அதனால் போலிகளும் கிளம்புகின்றன.

1970-களில் பதிவு வேலை ஸ்வான்சி நகருக்கு மாறியது. அதையொட்டிப் பல மாவட்டப் பதிவேடுகள் அழிந்தன. தப்பியவை சில ஆவணக் காப்பகங்களில் உள்ளன. அவற்றில் யாரோ ஒரு குமாஸ்தா மையால் எழுதிய ஒரே வரிதான், இன்று அசலுக்குச் சாட்சி சொல்கிறது.