கிட்டார் எஃபெக்டுகள்: எது முதலில், எது கடைசியில்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் பாட்டுக் கேட்பார்கள், படம் பார்ப்பார்கள். அடுத்து, நாமே எதையாவது பதிவு செய்து பார்த்தால் என்ன என்ற ஆசை வரும். வீட்டில் ஓர் எலெக்ட்ரிக் கிட்டாரும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

மேடையில் கிட்டார் வாசிப்பவர்கள் காலடியில் சின்னச் சின்னப் பெட்டிகளை வரிசையாக வைத்துக் காலால் அழுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். இவைதான் எஃபெக்ட் பெடல்கள். ஒலியைக் கரகரப்பாக்குவது, எதிரொலிக்கச் செய்வது, அலை போல ஆட விடுவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. இன்று இவை அனைத்தும் சாஃப்ட்வேராகவும் கிடைக்கின்றன. மவுஸால் இழுத்து எந்த வரிசையில் வேண்டுமானாலும் வைக்கலாம். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. வரிசை மாறினால் ஒலியே மாறிவிடும்.

நான் செய்த தவறு

என் அறை நண்பன் வேலை கிடைத்து வெளியூர் கிளம்பும் முன், தானே மெட்டமைத்த ஒரு பாட்டைக் கிட்டாரில் வாசித்தான். அதை என் கம்ப்யூட்டரில் பதிவு செய்தேன். அப்போது நான் பயன்படுத்திய புரோகிராமில் எஃபெக்ட் கொடுத்தால் அது மூல ஒலியையே மாற்றிவிடும். நான் முதலில் எக்கோ கொடுத்தேன். அதன் மேல் டிஸ்டார்ஷன் கொடுத்தேன். முதல் சில விநாடிகள் பிரமாதமாக இருந்தன. எம்பி3 ஆக்கி வைத்துக்கொண்டு, ஹார்ட் டிஸ்க்கில் இடத்தை அடைக்கிறதே என்று மூல பைலை அழித்துவிட்டேன்.

சில மாதங்கள் கழித்து நண்பனுக்கு அனுப்பினேன். "டேய், ரெண்டாவது பகுதியில நான் என்ன வாசிச்சேன்னு எனக்கே தெரியலையே" என்றான். ஸ்வரங்கள் எல்லாம் கலந்து கூழாகியிருந்தன. அதற்குள் அவன் கிட்டாரை விற்றிருந்தான். அந்தப் பகுதி அவனுக்கும் முழுதாக நினைவில்லை.

இன்ஜினியரிங் படித்த நான் யோசித்திருந்தால் தவிர்த்திருக்கலாம். காரணம் எளிதானது.

வரிசை ஏன் முக்கியம்?

கிட்டாரிலிருந்து வரும் சிக்னல் முதல் எஃபெக்டுக்குள் போகிறது. அதிலிருந்து வெளியே வருவது இரண்டாவதுக்குள் போகிறது. இப்படியே கடைசி வரை ஒரு சங்கிலி. தாளித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுவதும், தண்ணீர் ஊற்றிவிட்டுத் தாளிப்பதும் ஒன்றாகுமா? அதுபோலத்தான்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். நம் டிஸ்டார்ஷன் ஒலியை 10 மடங்கு பெருக்குகிறது. ஆனால் 10 என்ற அளவுக்கு மேல் போவதை வெட்டிவிடுகிறது. இந்த வெட்டுதான் கரகரப்பைத் தருகிறது. நம் எக்கோ ஒலியைப் பாதி அளவில் ஒருமுறை திருப்பிச் சொல்கிறது. நீங்கள் மீட்டும் ஸ்வரத்தின் அளவு 4 என்று வைத்துக்கொள்வோம்.

டிஸ்டார்ஷன் முதலில் இருந்தால்: 4 என்பது 40 ஆகி, வெட்டுப்பட்டு 10 ஆகிறது. பிறகு எக்கோ அதை 5 ஆகத் திருப்பிச் சொல்கிறது. எதிரொலி அசலைவிட மெல்லியதாக, தெளிவாகக் கேட்கும்.

எக்கோ முதலில் இருந்தால்: ஸ்வரம் 4, எதிரொலி 2. டிஸ்டார்ஷனில் இவை 40, 20 ஆகின்றன. இரண்டுமே வெட்டுப்பட்டு 10 ஆகிவிடும். எதிரொலியும் அசலும் ஒரே சத்தம்!

இதோடு முடியவில்லை. பழைய ஸ்வரத்தின் எதிரொலி அடங்குவதற்குள் அடுத்த ஸ்வரம் வந்துவிட்டால், இரண்டும் ஒன்றாக டிஸ்டார்ஷனுக்குள் நுழையும். ஒன்று 440 ஹெர்ட்ஸ், மற்றது 494 ஹெர்ட்ஸ் என்றால், அவற்றின் வித்தியாசமான 54, கூட்டுத்தொகையான 934 போன்ற புதிய ஒலிகளும் பிறக்கும். இவற்றை யாரும் வாசிக்கவில்லை. நண்பனின் பாட்டைக் கூழாக்கியது இதுதான்.

வழக்கமான வரிசை

1. ட்யூனர்: சுருதி சேர்க்க உதவுவது. எந்த எஃபெக்டும் கலக்காத தூய ஒலியைக் கொடுத்தால்தான் இது சரியாகக் காட்டும்.

2. வா, கம்ப்ரஸர்: வா என்பது குழந்தை அழுவது போன்ற ஒலியைத் தரும் பெடல். கம்ப்ரஸர் பலத்த, மெல்லிய ஒலிகளின் இடைவெளியைக் குறைக்கும். இதை டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் வைத்தால் இரைச்சலையும் சேர்த்துத் தூக்கிவிடும்.

3. ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன், ஃபஸ்: கரகரப்புக் குடும்பம். 1962-ல் வெளிவந்த மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெடலை, ரோலிங் ஸ்டோன்ஸ் குழு 1965-ல் 'சாடிஸ்ஃபாக்ஷன்' பாட்டில் பயன்படுத்திய பிறகு இந்த ஒலி உலகமெங்கும் பரவியது.

4. ஆம்ப்ளிபையர், கேபினெட்: சாஃப்ட்வேரில் இவற்றின் மாதிரிகளும் இருக்கும். பொதுவாக இந்த இடத்தில் வைக்கலாம்.

5. கோரஸ், ஃபேசர், ஃபிளாஞ்சர்: ஒலியை ஆட விடுபவை. பல ஸ்வரங்கள் செறிந்த, கரகரத்த ஒலி இவற்றுக்கு நல்ல தீனி.

6. டிலே அல்லது எக்கோ: எதிரொலி. பாட்டின் வேகத்துக்குப் பொருத்தி வைப்பது நல்லது. நிமிடத்துக்கு 120 தட்டு என்றால், ஒரு தட்டுக்கு 500 மில்லி விநாடி.

7. ரிவெர்ப்: அறை, மண்டபத்தின் முழக்கம். நிஜ வாழ்க்கையிலும் ஒலி கடைசியாகச் சந்திப்பது சுவர்களைத்தானே!

இது சட்டம் அல்ல. எடி வான் ஹேலன் 1978-ல் வந்த முதல் ஆல்பத்தில், கரகரக்கும் ஆம்ப்ளிபையருக்கு முன்னாலேயே ஃபேசரை வைத்துத் தனக்கென ஓர் ஒலியை உருவாக்கினார். ஆனால் வழக்கம் தெரிந்த பிறகு மீறுவது வேறு. தெரியாமல் மாட்டிக்கொள்வது வேறு.

கிட்டார் இல்லாமலே சோதிக்கலாம்

ஆடாசிட்டி என்ற இலவச புரோகிராமை அதன் அதிகாரபூர்வ தளத்திலிருந்து டவுன்லோட் செய்யுங்கள். 2022-ல் வந்த 3.2 பதிப்பு அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். ஹெட்போன் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. கீபோர்டில் ஆர் கீயை அழுத்தி, மைக்கில் ஏதேனும் பேசியோ மேசையைத் தட்டியோ 10 விநாடி பதிவு செய்யுங்கள்.

2. ட்ராக்கின் இடப்பக்கம் உள்ள எஃபெக்ட்ஸ் பட்டனைக் க்ளிக் செய்யுங்கள். திறக்கும் கட்டத்தில் முதலில் டிஸ்டார்ஷனைச் சேருங்கள். அதன் வகைகளில் ஹார்ட் ஓவர்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து அதன் கீழே ரிவெர்ப்பைச் சேருங்கள்.

3. ப்ளே செய்து கேளுங்கள். எஃபெக்டுகள் மேலிருந்து கீழாக வேலை செய்யும்.

4. இப்போது ரிவெர்ப்பை மவுஸால் இழுத்து டிஸ்டார்ஷனுக்கு மேலே வைத்து, மறுபடி கேளுங்கள். அறையின் முழக்கமே கரகரவென்று பொங்கி வருவதை உணர்வீர்கள்.

கிட்டாரை இணைக்கும்போது

கிட்டாரை நேரடியாகக் கம்ப்யூட்டரின் மைக் ஓட்டையில் செருகாதீர்கள். அது கிட்டாருக்காக அமைந்தது அல்ல, ஒலி மங்கிப்போகும். யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றை வாங்கி, அதில் இன்ஸ்ட்ருமென்ட் என்று குறிக்கப்பட்ட இடத்தில் இணையுங்கள்.

கிட்டாரை மீட்டியதும் ஒலி தாமதமாகக் கேட்கிறதா? சாஃப்ட்வேரின் ஆடியோ அமைப்பில் பஃபர் அளவைக் குறையுங்கள். விநாடிக்கு 44,100 மாதிரி என்ற வேகத்தில் 256 என்ற பஃபர் சுமார் 6 மில்லி விநாடித் தாமதம் தரும். போகவும் வரவும் சேர்த்தால் இது இன்னும் கூடும். மிகவும் குறைத்தால் ஒலி விட்டுவிட்டு வரும். உங்கள் கம்ப்யூட்டர் தாங்கும் அளவைப் பார்த்து வையுங்கள். விண்டோஸில் இன்டர்ஃபேஸுடன் வரும் ஏஸியோ டிரைவரை இன்ஸ்டால் செய்வது அவசியம்.

மறக்கக் கூடாத ஒன்று

எந்த எஃபெக்டும் இல்லாத வெறும் கிட்டார் ஒலியைத் தனியாக ஒரு வேவ் பைலாகச் சேமித்து வையுங்கள். மோனோ, 16 பிட் என்றால் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 5 எம்பிதான். ஒரு பென் டிரைவிலும் பிரதி எடுத்து வையுங்கள். வெறும் ஒலி கையில் இருந்தால் எஃபெக்டுகளை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி அடுக்கலாம். டிஸ்டார்ஷனில் வெட்டுப்பட்டதைத் திரும்ப ஒட்ட முடியாது.

நான் மிச்சப்படுத்திய இடம் 20 எம்பி கூட இராது. அதற்காக ஒரு பாட்டின் இரண்டாம் பகுதியை இழந்தோம். நீங்கள் அந்தத் தவறைச் செய்யாதீர்கள். முதலில் வெறும் ஒலியைச் சேமியுங்கள்; பிறகு உங்கள் விருப்பம்போல் விளையாடுங்கள்.