உப்பளத்து வெயிலும் ஒற்றைத் தலைவலியும்

வெயிலில் போகாதீர்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள், நன்றாகத் தூங்குங்கள் என்பார்கள் மருத்துவர்கள். பெருமுக்கல் மலையைத் தாண்டிக் கிழக்கே போனால் வரும் மரக்காணம் அளங்களில் உப்பு வாருகிறவர்களுக்கு இந்த மூன்றுமே எட்டாதவை. அவர்களால் எதை மாற்ற முடியும் என்பதிலிருந்து பேசுவதுதான் நியாயம்.

வலியைக் கிளப்புவது எது?

ஒற்றைத் தலைவலி ஒரு நரம்புமண்டலக் கோளாறு; பெரும்பாலும் குடும்பவழியில் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய 3 மடங்கு அதிகம். விண்விண்ணென்று தெறிக்கும், குமட்டும், வெளிச்சமும் சத்தமும் பொறுக்காது. மருந்தில்லாமல் விட்டால் 4 முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும்.

அளத்தில் தூண்டுதல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கின்றன. விடியுமுன் எழுவதால் தூக்கம் குறைகிறது. வெறும் டீயோடு கிளம்பினால் வயிறு காய்கிறது. வெயில் ஏறியதும் பாத்தி நீரிலும் வெள்ளை உப்பிலும் பட்ட ஒளி கீழிருந்து முகத்தில் அடிக்கிறது. தலையில் போட்ட துண்டு அந்தக் கூசலைத் தடுக்காது. ஒதுங்க இடமில்லாத அளங்களில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். உடம்பில் நீர் வற்றினால் தலைவலி வரும். அளத்தருகே கழிப்பறை கட்டுவதும் தலைவலி மருத்துவம்தான் என்பேன். மாதவிலக்கை ஒட்டி ஈஸ்ட்ரோஜன் இறங்கும் நாட்களில் இந்தத் தூண்டுதல்கள் இன்னும் எளிதாக வலியைக் கிளப்பும்.

"நேத்தே பிடரி பிடிச்சுது, அதான் தலைவலி" என்பார்கள். கொட்டாவியும் பிடரிப் பிடிப்பும் பலருக்கு அந்த வலியின் முதல் கட்டமே.

வீட்டிலும் அளத்திலும்

கிளம்புமுன் பழைய சோறோ கேழ்வரகுக் கூழோ ஒரு கிண்ணம். வெயிலில் 20 நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு குவளை தண்ணீர், இடையே மோர். அகல விளிம்புத் தொப்பியோடு கறுப்புக் கண்ணாடியும் வேண்டும். வேலையில்லாத நாளிலும் அதே நேரத்தில் எழுவது நல்லது.

வலி தொடங்கிவிட்டால் இருட்டறை, நெற்றியில் ஈரத்துணி, தூக்கம். சுக்குப் பற்று பலருக்கு இதம் தருகிறது. கண்ணுக்கருகே போடக்கூடாது, எரிந்தால் கழுவிவிட வேண்டும். உள்ளுக்குச் சாப்பிடும் இஞ்சி வலியைக் குறைப்பதாகச் சில சிறிய ஆய்வுகள் காட்டுகின்றன. மக்னீசியம் மாத்திரை சிலருக்கு வலி வரும் நாட்களைக் குறைக்கிறது; சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

மாத்திரை விஷயத்தில் கவனம்

மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து போட்டால், அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். டைக்ளோஃபினாக் போன்றவற்றை நீர் வற்றிய உடம்போடு போடுவது சிறுநீரகத்தையும் கெடுக்கும். மாதத்துக்கு நான்கைந்து நாள் வலி வருகிறதென்றால், வராமல் தடுக்கும் மருந்துகள் இருக்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ திண்டிவனம் அரசு மருத்துவமனையிலோ காட்டலாம்.

காத்திருக்கக் கூடாதவை

இடி விழுந்ததுபோலத் திடீரென வரும் கடும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் தளர்வு, பேச்சுக் குழறல், 50 வயதுக்கு மேல் முதன்முறையாக வரும் தலைவலி ஆகியவற்றுக்கு வீட்டு வைத்தியம் வேண்டாம். வெயிலில் நின்றவர் உளறினாலோ மயங்கினாலோ அது வெப்பத் தாக்காக இருக்கலாம்: நிழலுக்குத் தூக்கிப்போய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறியபடியே 108-ஐ அழையுங்கள், மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.